பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த ஊர்

1991ஆம் ஆண்டு சோனி நிறுவனம் உலகத்தின் முதல் லிதியம் அயன் பற்றரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே 1991இல் வடக்கில டோர்ச் லைற்றுக்குப் போடுற சாதாரண பற்றரி ஒண்டு கொண்டுவாறதே குற்றம். 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கினதோட வந்த பொருளாதாரத் தடைப் பட்டியலில பற்றரியும் இருந்தது. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. உலகம் மின்சாரத்தைச் சின்னப் பெட்டிக்குள்ள அடைக்கப் பழகின அதே ஆண்டுகளில, எங்கட ஆக்கள் முடிஞ்ச பற்றரியை வெயிலில காயவைச்சு, ஆணியால ஓட்டை போட்டு, உப்புத்தண்ணி விட்டு இன்னும் பத்து நிமிசம் செய்தி கேட்கலாமோ எண்டு பார்த்துக்கொண்டு இருந்தினம்.

இப்ப உயிலங்குளத்தில, மதவாச்சி - மன்னார் வீதியால போகேக்க, சில வீட்டுக் கூரைகளில நீலத் தகடுகளைக் காணலாம். அதில ஒண்டு ரெண்டு வீட்டுச் சுவரில லிதியம் பற்றரிப் பெட்டியும் தொங்குது. "இனி மின்சார சபையை நம்பத் தேவையில்லை" எண்டு விளம்பரங்கள் சொல்லுது. அந்த வசனம் கொழும்பில ஒரு மாதிரியும் எங்கட ஊரில வேற மாதிரியும் கேட்கும். ஏனெண்டால், மின்சார சபையை நம்பாமல் வாழ்றது எங்களுக்குப் புதுசு இல்லை. புதுசாய் இருக்கிறது, அதை நாங்களே காசு குடுத்துத் தெரிவுசெய்யிறதுதான்.

வயர் வந்த கதை, அறுந்த கதை

இலங்கையில நீர்மின்சாரத்தைப் பற்றித் தெளிவாகத் திட்டமிட்டவர் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர. 1918இல அவர் முன்வைச்ச யோசனை, 1950இல லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கினபோதுதான் முழுசா நிறைவேறினது. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை உருவானது. மலையில விழுற தண்ணி வயரில ஏறி நாடு முழுக்கப் போகும் எண்டதுதான் அந்தக் காலத்துக் கனவு. யாழ்ப்பாணத்துக்குச் சுன்னாகத்தில டீசல் மின்நிலையம் இருந்தது, பிறகு தேசிய வலையமைப்பும் வந்து சேர்ந்தது.

போர் அந்த வயரை அறுத்தது. குடாநாடு மறுபடி தேசிய வலையமைப்போட இணைஞ்சது 2013இல. இருபது வருசத்துக்கும் மேல. இடையில டீசல் ஜெனரேற்றர்கள் ஓடின. அதுக்கு ஊர் குடுத்த விலை பிறகுதான் தெரிஞ்சது, சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்தபோது.

அந்த இடைக்காலத்தில மக்கள் என்ன செய்தினம் எண்டது எங்கட தொழில்நுட்ப வரலாற்றில எழுதப்படவேண்டிய ஒரு அதிகாரம். ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையிற அளவு மண்ணெண்ணெய், ஒரு நூல் திரி. அதுதான் ஒரு தலைமுறை படிச்சுச் சோதனை எழுதின விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில வாற கரண்டில ரேடியோ கேட்டவை. இண்டைக்கு "ஓஃப் கிரிட்" எண்டு ஸ்டைலாச் சொல்லுறதை அண்டைக்கு எங்கட அம்மாக்கள் பெயர் வைக்காமலே செய்திருக்கினம். ஆனால் அதை வீரமாக மட்டும் சொல்லி முடிச்சால் பிழை. அது தெரிவு இல்லை, தண்டனை.

உயிலங்குளத்துக்கு இந்தக் கதையில ஒரு தனி இடம் இருக்கு. 2002 பெப்ரவரியில போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, ஓமந்தை, முகமாலை மாதிரி உயிலங்குளமும் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையிலான ஒரு நுழைவாயில். ஒரு பக்கம் ஆமியின் சோதனைச்சாவடி, மற்றப் பக்கம் இயக்கத்தின் சோதனைச்சாவடி, நடுவில சூனியப் பிரதேசம். எது போகலாம், எது போகக்கூடாது எண்டதை எங்கட ஊர் வாசலிலதான் தீர்மானிச்சினம்.

தெற்கில வந்த முதல் சோலர்

கரண்ட் இல்லாத கஷ்டம் வடக்குக்கு மட்டும் உரியது இல்லை. தெற்கிலயும் 1990களில ஏராளமான கிராமங்களுக்கு வயர் போகேல்லை. அங்கயும் குப்பி விளக்குத்தான். அது சரிஞ்சு எரிஞ்சு செத்தவை, முகம் கருகினவை நிறையப்பேர். தீக்காய நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புற, உருளாத, விழுந்தாலும் எண்ணெய் சிந்தாத குட்டையான கண்ணாடி விளக்கு ஒண்டை வடிவமைச்சார். 1998இல அதுக்கு ரோலெக்ஸ் விருது கிடைச்சது.

அதே காலத்தில உலக வங்கி உதவியோட 1997இல ஒரு திட்டமும், 2002இல அதின் தொடர்ச்சியும் வந்தது. கிராமத்து வீட்டுக்கு ஒரு சின்னச் சோலர் தகடு, ஒரு 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி, நாலைஞ்சு லைற், ஒரு கறுப்பு வெள்ளை ரிவி. சர்வோதயத்தின் கடன் அமைப்பான சீட்ஸ் தவணைக்குக் காசு குடுத்தது. இப்பிடி ஒரு லட்சத்துக்கும் கூடுதலான வீடுகளில சோலர் ஏறினது. போர் நடந்த எங்கட பக்கத்துக்கு அந்த அலை ஒழுங்காக வந்து சேரேல்லை.

அந்தத் திட்டத்தின் முடிவு முக்கியம். வயர் வந்த கிராமங்களில நிறையப்பேர் சோலரைக் கைவிட்டினம். தவணை கட்டுறதையும் விட்டினம். ஐஸ்பெட்டி, இஸ்திரிப்பெட்டி, தண்ணி மோட்டர் எல்லாம் ஓட்டக்கூடிய வயருக்கு முன்னால அந்தச் சின்னத் தகடு நிண்டுபிடிக்க ஏலாது. அண்டைக்குச் சோலர் எண்டால் வயர் வரும்வரைக்குமான தற்காலிக ஏற்பாடு. ஏழைகளின் மின்சாரம். போர் முடிஞ்ச பிறகு வடக்கின் வசந்தம் திட்டத்தில எங்கட பக்கம் மின்கம்பங்கள் நட்டபோதும் இதே மனநிலைதான் இருந்தது. வயர் வாறது எண்டால் நாட்டுக்குள்ள எங்களையும் சேர்க்கினம் எண்ட அர்த்தம்.

ஏழைகளின் தகடு பணக்காரரின் கூரைக்குப் போனது

2016 செப்டெம்பரில் அரசாங்கம் சூரியபல சங்கிராமய எண்ட திட்டத்தைத் தொடங்கினது. 2025இல பத்து லட்சம் வீடுகளின் கூரையில இருந்து 1000 மெகாவாட் எண்டது இலக்கு. கூரையில உற்பத்தியாகிற மின்சாரத்தை மின்சார சபைக்கே விற்கலாம். முதல் 7 வருசத்துக்கு அலகுக்கு 22 ரூபாய், அதுக்குப் பிறகு 15.50 ரூபாய். இதில பற்றரி தேவையில்லை. வயர்தான் பற்றரி: பகலில அதுக்குள்ள விடு, இரவில அதில இருந்து எடு.

2022 வந்தது. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பிறகு விலையேற்றம். மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கிற வீட்டை எடுத்துப் பாருங்கோ. 2022 ஓகஸ்ட்டுக்கு முதல் அலகுக்கு 2.50 ரூபாயும் நிலையான கட்டணம் 30 ரூபாயும், மொத்தம் 105 ரூபாய். ஓகஸ்ட்டில் அது 360. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபாயும் நிலையான கட்டணம் 400 ரூபாயும், மொத்தம் 1300 ரூபாய். ரெண்டு லைற்றும் ஒரு ஃபானும் போடுற வீட்டுக்கு ஆறு மாதத்துக்குள்ள பன்னிரண்டு மடங்கு! பிறகு விலை குறைஞ்சதும் உண்டு, திரும்பக் கூடினதும் உண்டு. ஆனால் அந்தப் பயம் போகேல்லை.

காசு இருந்தவை, வெளிநாட்டில பிள்ளைகள் இருந்தவை, சோலர் போட்டினம். 30 அலகு வீட்டுக்கு அந்த வழி இல்லை. இருபது வருசத்துக்கு முதல் ஏழை வீட்டு அடையாளமாக இருந்த அதே தகடு, இப்ப வசதியின் அடையாளம்.

வெயில் எறிக்க இருட்டான நாள்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டி நாடு முழுக்கக் கரண்ட் நிண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில ஒரு குரங்கு எண்டு மின்சக்தி அமைச்சர் சொன்னார். நாடே குரங்கை வைச்சுச் சிரிச்சது. ஆனால் மின்சார சபையின் பிந்திய விளக்கம் வேற விசயத்தையும் சொன்னது. விடுமுறை நாள், பாவனை குறைவு, கூரைச் சோலர் உற்பத்தி அதிகம். பெரிய சுழலிகள் சுத்தேக்க அதின் பாரமே ஒரு திடீர் அதிர்ச்சியைத் தாங்கும். சோலருக்கு அப்பிடிச் சுத்துற பாரம் இல்லை. அதால ஒரு சின்ன அடி முழு வலையமைப்பையும் சாய்ச்சது.

இதில ஆக முரணான விசயம்: உச்சி வெயிலில, கூரை முழுக்கத் தகடு இருந்த வீடுகளும் இருட்டாகின. காரணம் எளிது. வயரோட இணைஞ்ச சாதாரண இன்வேட்டர், வயரில கரண்ட் நிண்டவுடன தானும் நிண்டுவிடும். இல்லாட்டி, லைன் திருத்த மின்கம்பத்தில ஏறுற ஊழியருக்குக் கூரைக் கரண்ட் அடிக்கும். அப்ப அந்தத் தகடு உங்கட பில்லைக் குறைச்சது, உங்கட தங்கியிருத்தலைக் குறைக்கேல்லை. ரெண்டும் ஒண்டில்லை.

ரெண்டு மாதம் கழிச்சு, சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில, ஏப்ரல் 13 தொடக்கம் 21 வரை பிற்பகல் 3 மணிவரைக்கும் கூரைச் சோலரை நிப்பாட்டி வைக்கச்சொல்லி மின்சார சபை கேட்டுக்கொண்டது. மூண்டு வருசத்துக்கு முதல் கரண்ட் இல்லை எண்டு இருட்டில இருந்த நாடு, இப்ப கரண்ட் கூடிப்போச்சு எண்டு நிப்பாட்டச் சொல்லுது. இல்லாதது கரண்ட் இல்லை, சேமிக்க இடம். அதை உணர்ந்துதான், பற்றரியில சேமிச்சு மாலை 6.30 தொடக்கம் 10.30 வரை வயருக்குள்ள விடுற அலகுக்கு 45.80 ரூபாய் தரலாம் எண்டு 2025இல அறிவிச்சினம். பகலில நேரடியா விடுற புதிய சின்ன இணைப்புகளுக்குக் கிடைக்கிறதை விட ரெண்டு மடங்குக்கும் மேல.

ஒரு இரவுக்கு எவ்வளவு வேணும்?

கணக்கைப் பார்ப்பம். எங்கட பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியா நாலு அலகுக்குக் கிட்டத் தரும். இரவில ரெண்டு ஃபான் பத்து மணித்தியாலம் ஓடினால் 1.2 அலகு. ஐஸ்பெட்டிக்கு ஒரு 0.6. அஞ்சு எல்ஈடி லைற், ரிவி, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து இன்னொரு 0.6. மொத்தம் ரெண்டரை அலகுக்குள்ள. 5 அலகு கொள்ளுற லிதியம் பற்றரி ஒண்டு ஒரு இரவைத் தாராளமாகத் தாண்டும். பழைய ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழ இறக்கினால் அது கெதியில செத்துப்போகும். லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி பெரும்பகுதியைக் குடுத்தும் ஆயிரக்கணக்கான தடவை திரும்ப ஏறும். ஆனால் தண்ணி மோட்டர், இஸ்திரிப்பெட்டி, சோறு சமைக்கிற குக்கர் எல்லாத்தையும் பகல் வெயிலுக்கு மாத்தவேணும். கார்த்திகை, மார்கழி மழையில தகடு களைச்சுப்போகும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து நாட்டின் பல பகுதிகளில மின்சாரத்தை அறுத்த மாதிரியான நாட்களில, கரண்ட் ஆகத் தேவைப்படுற நேரமும் வெயில் ஆகக் குறையிற நேரமும் ஒண்டாய் வரும். முழுசா வயரை வெட்டுறது புத்தி இல்லை. தங்கியிருத்தலைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

குளமும் ஒரு பற்றரிதான்

மன்னார் தீவின் தென்கரையில 30 காற்றாலைகள் சுத்துது. 103.5 மெகாவாட் தம்பபவனி, 2020 டிசம்பரில் திறந்தது. அந்தக் கரண்ட் தேசிய வலையமைப்புக்குப் போகுது. எங்கட காத்து, எங்கட கரை, ஆனால் மின்வெட்டு எங்களுக்கும் அதேதான், பில்லும் அதேதான். 2025இல மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில இறங்கினதை "அபிவிருத்திக்கு எதிர்ப்பு" எண்டு சுருக்கினவை, இந்த வரலாற்றைப் பார்க்கேல்லை. மின்சாரம் எங்க உற்பத்தியாகுது எண்டது ஒரு கேள்வி. அதை ஆர் சேமிச்சு, ஆர் திறந்துவிடுறது எண்டது வேற கேள்வி.

இந்த ரெண்டாவது கேள்விக்கு எங்கட பக்கத்திலேயே ஒரு பழைய பதில் இருக்கு: கட்டுக்கரைக்குளம். அருவி ஆத்துத் தண்ணி தேக்கம் அணையால திரும்பி வந்து அதில நிறையும். மாரியில வாறதைப் பிடிச்சு வைச்சு, தேவையான நேரம் விடுறது. பற்றரியின் வேலையும் அதுதான். ஆனால் அந்தக் குளம் ஒரு வீட்டுச் சுவரில தொங்கேல்லை. சிறுபோகத்துக்குத் தண்ணி எவ்வளவு இருக்கு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் எண்டு விவசாயிகள் கூட்டம் கூடித்தான் முடிவெடுக்கினம். சண்டையும் வரும், குறையும் இருக்கும். எண்டாலும் அது கூட்டத்தில பேசித் தீர்க்கிற விசயம்.

கூரைப் பற்றரி இப்ப வசதியான வீடுகளுக்குள்ள மட்டும் போய்க்கொண்டு இருக்கு. அந்த வீடுகள் ஒவ்வொண்டாய் விலகினால், வயரைப் பராமரிக்கிற செலவு மிச்சமிருக்கிற 30 அலகு வீடுகளின் தலையில விழும். இப்பிடியே போனால், முந்தி சோதனைச்சாவடி பிரிச்ச மாதிரி, இனிமேல் பற்றரி ஒரே ஊரை ரெண்டாப் பிரிக்கும்: வெளிச்சம் உள்ள பக்கம், இல்லாத பக்கம். பள்ளிக்கூடம், கிராமத்து ஆஸ்பத்திரி, கூட்டுறவுச் சங்கக் கடை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாத்துக்கும் பெரிய கூரை இருக்கு. பகலில வெயிலும் இருக்கு. அங்க பொதுப் பற்றரி வைச்சால் புயல் நாளில ஊரே போனுக்குச் சார்ஜ் போடலாம், இன்சுலின் கெடாமல் வைக்கலாம், பிள்ளைகள் இருந்து படிக்கலாம்.

அடுத்த தடவை ஊர்ச்சங்கக் கூட்டத்தில மின்கம்பத்தைப் பற்றியும் றோட்டைப் பற்றியும் மனு எழுதேக்க, இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுவம்.