எப்பவாவதுதான் வண்டியை எடுப்பீங்களா? பேட்டரி சார்ஜர் வாங்கும் முன் இதைப் படிங்க!

ஒரு மாசம் ஊர்ல இல்லை. திரும்பி வந்து பைக்கின் செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக்... டிக்' சத்தம் மட்டும்தான் வருது. பழைய வண்டி என்றால் கிக்கரை உதைத்துச் சமாளிச்சிருப்பீங்க. 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்-6 பைக்குகள் பலவற்றில் கிக்கரே கிடையாது. ஃப்யூவல் பம்ப் ஓடவே கரன்ட் வேணும் என்பதால், தள்ளி ஸ்டார்ட் பண்ணும் வித்தையும் பல நேரம் பலிக்காது.

பைக் போனால் ஆட்டோ பிடிச்சுக்கலாம். ஆனால், 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று ஊரில் அப்பா, அம்மாவிடம் விட்டு வந்த கார்? ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அப்பா சாவியைத் திருகும்போது அது கிளம்பணும் இல்லையா?

நிறுத்தி வைத்த கார் முழுசாகத் தூங்குவதில்லை. கடிகாரம், அலாரம், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர்தான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், 30 நாளில் 36 ஆம்பியர் ஹவர். பல சின்ன கார்களின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர் ஹவர்தான்! நம்ம ஊர் வெயிலில் பேட்டரி தானாகவும் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். அதுக்கப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பது, ஸ்டார்ட் பண்ணச் செலவான கரன்ட்டைத் திருப்பித் தந்தாலே பெரிய விஷயம்.

சார்ஜர் வேற, மெயின்டெய்னர் வேற

சாதாரண சார்ஜர் கரன்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குக்கு அது சரி. நீங்க மாட்டிவிட்டுத் தூங்கிட்டா, பேட்டரி சூடாகி தண்ணீர் வற்றி தகடு கெட்டுப்போகும். மெயின்டெய்னர் அப்படியில்லை. சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றி, கரன்ட்டைக் குறைத்து, ஃபுல் ஆனதும் 13.2 முதல் 13.6 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளும். வாரக்கணக்கில் மாட்டியே வைக்கலாம். கடைகளில் 'ஸ்மார்ட் சார்ஜர்' என்று விற்பவற்றில் பெரும்பாலும் இரண்டு வேலையும் இருக்கும். பெட்டியில் 'ஃப்ளோட்' அல்லது 'மெயின்டெய்ன்' என்று போட்டிருக்கானு பாருங்க. இல்லைன்னா தள்ளி வைங்க.

அடுத்து ஆம்பியர். பேட்டரி மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் ஹவரில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. 8 ஆம்பியர் ஹவர் பைக் பேட்டரிக்கு 0.8, 45 ஆம்பியர் ஹவர் கார் பேட்டரிக்கு 4 அல்லது 5. வீட்டு இன்வெர்ட்டரில் பைக் பேட்டரியை மாட்டிப் பார்க்கும் நண்பர் ஒருத்தர் எல்லா தெருவிலும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீங்க, அந்தக் கரன்ட்டைக் குட்டி பேட்டரி தாங்காது. பைக், கார் இரண்டும் இருந்தால் இரண்டு மோடு உள்ளதை வாங்குங்க. போஷ் சி3 போன்றவற்றில் 0.8, 3.8 என இரண்டும் உண்டு. பைக் மட்டும் என்றால் நோகோ ஜீனியஸ் 1 மாதிரி 1 ஆம்பியர் மாடலே போதும்.

பேட்டரி ரகமும் முக்கியம். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார்களில் ஏ.ஜி.எம் அல்லது இ.எஃப்.பி பேட்டரி இருக்கலாம். ஏ.ஜி.எம்முக்கு அதற்கான மோடு வேணும். லித்தியம் பேட்டரிக்கு, 'லித்தியம்' என்று தெளிவாகப் போட்டிருக்கும் சார்ஜர்தான். இ.வி ஸ்கூட்டரின் பெரிய பேட்டரியை இதில் மாட்டவே கூடாது.

ஆன்லைனில் வெளிநாட்டு மாடல் சல்லிசா கிடைக்குதுன்னு உடனே ஆர்டர் போடாதீங்க. அமெரிக்காவுக்கான மாடல் 110 வோல்ட்டாக இருக்கலாம், நம்ம வீட்டில் வருவது 230. பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினாலும் தாங்கும் பாதுகாப்பு, வெயிலுக்கு ஏற்ப வோல்ட்டைக் குறைக்கும் வசதி இரண்டும் இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

மாட்டும்போது...

சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடம் வேணும், பக்கத்தில் சிகரெட் கூடாது. முதலில் சிவப்பு கிளிப் பிளஸ்ஸில், அப்புறம் கறுப்பு கிளிப், கடைசியில்தான் சுவிட்ச். காரில் கறுப்பு கிளிப்பை மைனஸ் முனைக்குப் பதிலாக, பேட்டரியிலிருந்து தள்ளி இருக்கும் பெயின்ட் இல்லாத உலோகப் பாகத்தில் மாட்டுவது நல்லது. கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.

அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல பிளக் பாயின்ட் இல்லையா? பைக் பேட்டரியைக் கழற்றி மாடிக்கே எடுத்துப் போயிடலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசியில். காருக்கு, மாசக்கணக்கில் ஊருக்குப் போறீங்கன்னா மைனஸ் வயரை மட்டும் கழற்றி வைங்க.

சார்ஜர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் வாங்கி ஒரு சோதனை செய்யுங்க. பேட்டரியை எங்கேயாவது ஃபுல் சார்ஜ் செய்து, வண்டியில் மாட்டாமல் ஒரு ராத்திரி விட்டு, காலையில் அளந்து பாருங்க. 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் சார்ஜருக்குச் செலவழிக்கலாம். 12.4-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் செய்து பார்த்துடுங்க. அதிலும் தேறலைன்னா, சார்ஜர் காசை புது பேட்டரியில் போடுங்க. பழசை எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்க மறக்காதீங்க, ஈயத்துக்கு நல்ல விலை உண்டு.