கேளாச் செவியும் கம்பியில்லாத் தந்தியும்

வானொலியைச் செவிக்கே உரிய கலை என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆயினும் அதன் வரலாற்றைப் புரட்டுங்கால், செவி மந்தமான சிலர் அதன் தலைவாயிலிலேயே நிற்கக் காண்கிறோம்.

முதற்கண் கம்பித் தந்தியை நோக்குவோம். 1860-களில் அமெரிக்கத் தந்தி அலுவலகங்களில் பணிபுரிந்த தாமஸ் எடிசன், இளமையிலேயே கேட்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்தவர். எனினும் எதிரிலிருந்த கருவியின் 'கட்டுக்கடா' ஓசை அவருக்கு விளங்கிற்று. அறையின் பிற இரைச்சல் அவரை அணுகவில்லை. இதனை ஓர் அனுகூலமாகவே அவர் பிற்காலத்தில் பேசினார்.

கம்பியில்லாத் தந்தி வந்தபின் நிலைமை மாறிற்று. தொலைவிலிருந்து வரும் செய்தி, ஹெட்போனில் மிக மெல்லிய ஒலியாகவே கேட்டது. மார்க்கோனி நிறுவனத்தின் ஆலோசகரான லண்டன் பேராசிரியர் ஜான் அம்புரோஸ் பிளெமிங்குக்கோ காது மந்தம். காதால் கேட்பதை விடுத்துக் கண்ணால் காண அவர் விரும்பினார். கண்ணாடி பொருத்திய கால்வனாமீட்டர் அவரிடம் இருந்தது. மின்னோட்டம் பாய்ந்தால் அதில் ஓர் ஒளிப்புள்ளி நகரும். ஆனால் வானலை எழுப்பும் மின்னோட்டம் இருபுறமும் விரைந்து மாறுவது. ஆதலின் ஒளிப்புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு திசையில் மட்டும் திறக்கும் கதவு ஒன்று வேண்டும்! எடிசன் தம் மின்விளக்கில் கண்ட ஒரு விந்தையைப் பல்லாண்டுகளுக்கு முன் தாம் ஆராய்ந்தது பிளெமிங்கின் நினைவுக்கு வந்தது. விளக்குக் குமிழுக்குள் உலோகத் தகட்டை வைத்தார், ஒளிப்புள்ளி நகர்ந்தது. 1904-இல் வால்வு பிறந்தது இவ்வாறே. காது மந்தமே அதற்குக் காரணம் என்பது மிகை. அதுவும் ஒரு காரணம் என்பது பொருந்தும்.

வால்வு வளர்ந்தபின் ஒலியைப் பெருக்குவது எளிதாயிற்று. தெளிவு என்பது வேறு. தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியிருந்து, இரவில் சென்னை நிலையத்தைப் பிடிக்க முயன்ற நம்மவர் இதனை நன்கறிவர்: குமிழைத் திருகத் திருகப் பாட்டோடு இரைச்சலும் ஏறிற்று. முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளையே. உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த சுருதிகளில் உள்ளது. மெய்யொலிகள் பலவற்றைப் பிரித்துக் காட்டும் கூறுகளோ 2,000 ஹெர்ட்சுக்கு மேல் உள்ளன. ஆகவே பேச்சு உரக்கக் கேட்டும் 'பாட்டு' என்றனரா, 'காட்டு' என்றனரா என்பது விளங்காது. உரக்கக் கத்தும் பேரனைத் தாத்தா கடிந்துகொள்வதில் நியாயம் உண்டு.

வீட்டிலேயே நிலையம் அமைத்து உலகோடு உரையாடும் அமெச்சூர் வானொலியாளருக்கு இங்கே மோர்ஸ் குறி கைகொடுத்தது. புள்ளியும் கோடும் ஒரே சுருதியில் ஒலிப்பவை. அச்சுருதியையும் தம் காதுக்கு இசைந்தவாறு 500 ஹெர்ட்சுக்கோ 400-க்கோ இறக்கிக்கொள்ளலாம். 1932-இல் ஜேம்ஸ் லாம்ப் என்னும் அமெரிக்கர், படிக வடிப்பானைக் கொண்டு அண்டை நிலையங்களின் கூச்சலை விலக்கும் பெட்டியை அமெச்சூர்களுக்கு அறிமுகம் செய்தார். எல்லோருக்குமாகச் செய்ததே எனினும், செவி குன்றியோர்க்கு அதனால் விளைந்த நன்மை பெரிது.

முற்றும் கேளாதார் நிலை யாது? ராபர்ட் வைட்பிரெக்ட் 1920-இல் கலிபோர்னியாவில், பிறவியிலேயே செவிப்புலன் அற்றவராய்ப் பிறந்தார். இயற்பியல் வல்லுநர், அமெச்சூர் வானொலியாளர். ரேடியோ டெலிடைப் முறையை அவர் மேற்கொண்டார். இரண்டு சுருதிகள் மாறிமாறிச் செல்ல, மறுமுனையில் பொறி தானே எழுத்தை அச்சிடும்; காதுக்கு அங்கே வேலையில்லை. இதனையே தொலைபேசிக்கும் கொணர முனைந்தார். பிறர் கருவிகள் தன் கம்பியில் இணைவதை அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் அனுமதியாத காலம் அது. எனவே ரிசீவரை ஒரு தொட்டிலில் கிடத்தி, டெலிடைப்பின் ஒலிகள் அதன் வாயிலேயே புகுமாறு செய்தார். 1964-இல், தம்மைப் போன்றே செவிப்புலனற்ற பல் மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்சுடன் அவர் தொலைபேசி வழியே எழுத்தால் உரையாடினார். கேளாப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்த கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்று அப்போது 88 ஆண்டுகள் ஆகியிருந்தன.