முதுமையும் இரத்தக் கொதிப்பும்

வீட்டில் முதியவர் ஒருவருக்குத் தலை சுற்றினாலும், முன்கோபம் மிகுந்தாலும், உறக்கம் கெட்டாலும், "இரத்தக் கொதிப்பு" என்று ஒரே சொல்லில் காரணம் கூறிவிடுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். பெயர் எளியது, ஆனால் பொருத்தமானதன்று. இந்நோயில் இரத்தம் கொதிப்பதில்லை, உடற்சூடு ஏறுவதுமில்லை. இதயம் இரத்தத்தை உந்தும்போது குழாய்களின் சுவர்மீது உண்டாகும் அழுத்தம், இருக்கவேண்டிய அளவுக்கு மேல் இடையறாது நிற்பதே இந்நோய். பெரும்பாலோர்க்கு இதனால் எவ்வித உணர்ச்சியும் தோன்றுவதில்லை. கொதித்தது ஆறும் என்பது உலக அனுபவம். ஆதலால் இரண்டு வாரம் மருந்துண்டு, உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றியதும் நிறுத்திவிடுகிறோம். பெயரே நம்மை வழிதவறச் செய்துவிடுகிறது.

இதனினும் பெரிய தவறு ஒன்று உண்டு. "வயதானால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்?" என்பதே அது. இது பாமரர் கூற்று மட்டுமன்று. "நூறோடு வயதைக் கூட்டிக்கொள்க, அதுவே முதியவருக்குரிய அளவு" என்று மருத்துவர்களே கணக்குச் சொன்ன காலம் உண்டு. அந்த எண்ணம் எவ்வாறு வேரூன்றியது, எவ்வாறு பெயர்க்கப்பட்டது என்பது அறியத்தக்க வரலாறு. அவ்வரலாற்றின் ஒரு முக்கியப் பகுதி, நாம் பிழைப்பை நாடி வந்து குடியேறிய டில்லி, கல்கத்தா, பம்பாய் நகரங்களிலேயே நிகழ்ந்தது என்பது பலர் அறியாத செய்தி.

அளவை இல்லாமல் நோயில்லை. அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெண்குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் அக்குழாயில் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-இல் வெளியான அவரது நூலில் இச்சோதனை விவரிக்கப்பட்டுள்ளது. இதனை மனிதரிடம் செய்ய இயலாதன்றோ? 1828-இல் பிரெஞ்சு அறிஞர் புவாசேய், நெடிய கண்ணாடிக் குழாய்க்குப் பதிலாகப் பாதரசத்தைப் பயன்படுத்தினார். இன்றும் நாம் அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் கூறுவது அதன் வழி வந்ததே. 1896-இல் இத்தாலியில் ரீவா ரோச்சி, கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டையை அமைத்தார். 1905-இல் ரஷ்யாவில் கொரோட்கோவ் என்னும் இளம் அறுவை மருத்துவர், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒலியைக் கேட்டார். ஒலி தொடங்கும் இடம் மேல் எண். மறையும் இடம் கீழ் எண். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் முன்னது. விரிந்து இளைப்பாறும்போது உள்ளது பின்னது.

எண்கள் கிடைத்தன; பொருள் விளங்கவில்லை. 1911-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிராங்க், காரணம் புலப்படாத உயர் அழுத்தத்திற்கு "எசென்ஷியல்" என்னும் அடைமொழியைத் தந்தார். வேறு நோயின் விளைவாக வராதது, தானே தோன்றியது என்பது அவர் கருத்து. ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு "இன்றியமையாதது" என்றும் பொருளுண்டு. முதுமையில் குழாய்கள் தடித்துப்போகின்றன. அவற்றினூடே இரத்தத்தைச் செலுத்த உயர்ந்த அழுத்தம் தேவைப்படுகிறது. அதைக் குறைத்தால் மூளையும் சிறுநீரகமும் வாடும் என்று தலைசிறந்த மருத்துவர் சிலரும் நம்பினர். இங்கும் ஒரு பெயர் மனிதரை மயக்கியது.

அந்நாளில் இந்நோயுடன் வாழ்வது எவ்வாறிருந்தது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. காந்தியடிகள் தம் அறுபத்தாறாம் வயதில், 1935-ஆம் ஆண்டின் இறுதியில், வார்தாவில் அழுத்தம் மிகுந்து தளர்ந்து, வாரக்கணக்கில் ஓய்வெடுக்க நேர்ந்தது. 1940 பிப்ரவரி 19-இல் அவரது அளவு 220/110 என்று குறிக்கப்பட்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2019-இல் வெளியிட்ட சிறப்பு மலர் இதனைத் தெரிவிக்கிறது. அவர் பருத்த உடலினர் அல்லர். புகையையும் மதுவையும் விலக்கியவர். நாள்தோறும் நெடுந்தூரம் நடந்தவர். அத்தகையவரையும் இந்நோய் விடவில்லை. ஆகவே இதனைத் தன் ஒழுக்கக் குறைவுக்குக் கிடைத்த தண்டனையாக எந்த முதியவரும் எண்ணி நாணவேண்டியதில்லை. ஓய்வு, மௌனம், ஈரமண் கட்டு, பூண்டு, அளந்த உணவு ஆகியவை அவர் கைக்கொண்ட முறைகளுட் சில.

மேல்நாட்டு நிலையும் இதனினும் மேலானதன்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதய மருத்துவர் சோதித்தபோது அளவு 186/108. உப்புக் குறைந்த உணவு, ஓய்வு, இதயத்துக்கு டிஜிடாலிஸ், அமைதிக்கு ஒரு மருந்து. இவற்றுக்கு மேல் கொடுக்க ஒன்றுமில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று அது 300/190-ஐ எட்டியது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்து, அன்றே அவர் காலமானார். வயது 63. உலகப் பெரும் போரை நடத்திய நாட்டின் தலைவருக்கே, இந்நோய்க்கு மருந்து இல்லாத காலம் அது.

அக்காலத்தில் டியூக் பல்கலைக்கழகத்தில் கெம்ப்னர் என்னும் மருத்துவர் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் சோறும் பழமுமே தந்து, உப்பை அறவே நீக்கிப் பலருடைய அழுத்தத்தைத் தணித்துக் காட்டினார். சோறு நமக்குப் புதிதன்று. உப்பில்லாச் சோறே புதிது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பழகிய நாவுக்கு அது எத்துணைக் கடுமை என்பது சொல்லாமலே விளங்கும். நோயாளிகளிலும் பலர் நெடுநாள் அதனைத் தாங்கவில்லை.

இனி நம் நகரங்களுக்கு வருவோம். சர்ப்பகந்தி என்பது நம் நாட்டுக் காடுகளில் வளரும் சிறு செடி. அதன் வேரைப் பாம்புக்கடிக்கும் உறக்கமின்மைக்கும் பழைய மருத்துவம் பயன்படுத்தியது. பீகாரில் அதற்குப் "பாகல் கி தவா", அதாவது பித்தர்க்கு மருந்து, என்றே பெயர். டில்லி கரோல்பாகில் ஹக்கீம் அஜ்மல்கானின் முயற்சியால் எழுந்த திப்பியாக் கல்லூரியில், சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இரசாயன அறிஞர் அவ்வேரை ஆராய்ந்து, 1931-இல் அதன் சத்துக்களைப் பிரித்தெடுத்து அறிவித்தார். ஒன்றுக்கு "அஜ்மலின்" என்று ஹக்கீமின் பெயரையே சூட்டினார். தமிழ்க் குடும்பங்கள் பின்னர்த் திரளாகக் குடியேறிய அதே கரோல்பாகிலேயே இது நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், இவ்வேர் மனநோயோடு உயர் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினர். ஆயினும் அவர்கள் குரல் கடல் கடக்கவில்லை.

கடலைக் கடக்கச் செய்தவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். தம்மிடம் வந்த நோயாளிகளுக்கு இம்மருந்தைத் தந்து, அளவுகளை ஆண்டுக்கணக்கில் பொறுமையுடன் குறித்து, ஐம்பது பேரைப் பற்றிய முடிவுகளை 1949-இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன்பின்னரே மேல்நாட்டார் கண் திறந்தது எனலாம். 1952-இல் சுவிட்சர்லாந்து அறிஞர்கள் அவ்வேரிலிருந்து "ரிசர்ப்பின்" என்னும் சத்தைப் பிரித்தனர். 1957-இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. நெடுங்காலம் தாங்கத்தக்க முதல் அழுத்த மருந்துகளுள் ஒன்று இவ்வாறு நம் நாட்டு வேரிலிருந்து பிறந்தது. அதற்குக் குறையும் உண்டு. அளவு மிகுந்தால் மனச்சோர்வை உண்டாக்கும், மூக்கடைப்பும் வரும். பின்னர் வந்த மருந்துகள் அதனைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டன. இன்று யாரும் நாட்டு மருந்துதானே என்று அவ்வேரைத் தாமாகவே உட்கொள்ளலாகாது. அதன் பெருமை வரலாற்றில் உள்ளது. நம் அடுக்களைக்கு அது உரியதன்று.

மருந்து வந்தும் ஐயம் தீரவில்லை. அழுத்தத்தைக் குறைத்தால் ஆயுள் கூடுமா என்பதே வினா. 1967-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு விடை தந்தது. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவரில் ஒரு பாதியினருக்கு மருந்தும், மறுபாதியினருக்கு மருந்துபோன்ற வெறும் மாத்திரையும் தரப்பட்டன. மருந்து பெறாதோரில் 27 பேருக்குக் கடும் விபரீதங்கள் நேர்ந்தன. பெற்றோரில் இருவருக்கே நேர்ந்தன. அம்மருந்துக் கூட்டில் ரிசர்ப்பினும் ஒன்று.

எனினும் முதியோர் வாயிலுக்கு வெளியிலேயே நின்றனர். வயது ஏற ஏறப் பெருந்தமனி தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. புதிய இரப்பர்க் குழாய் பழையதாகி இறுகுவது போன்றது இது. அதனால் மேல் எண் ஏறுகிறது. கீழ் எண் இறங்கவும் கூடும். கீழ் எண்ணையே பெரிதாக மதித்த மருத்துவம், 180/80 உடைய பாட்டியை "வயதுக்கு ஏற்றதே" என்று அனுப்பிவைத்தது. 1948-இல் தொடங்கி அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்னும் சிற்றூரில் 5,209 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு, மேல் எண்ணும் தீங்கு செய்வதே என்று காட்டியது. 1991-இல், அறுபது வயதைக் கடந்த 4,736 பேரைக் கொண்ட ஆய்வு, மேல் எண்ணைக் குறைத்தால் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைகிறது என்று நிறுவியது. 2008-இல், எண்பதைக் கடந்த 3,845 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வு, மருந்து பெற்றோரிடை இறப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்டு, குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. நூறோடு வயதைக் கூட்டும் கணக்கு அத்துடன் முடிந்தது. ஹேல்ஸின் நூல் வெளியான ஆண்டிலிருந்து, எண்பது வயதினருக்கும் நீதி கிடைக்க 275 ஆண்டுகள் ஆயின.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? முதலாவது, உணர்ச்சியை நம்பாமல் அளவை நம்புதல். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகு சாய்ந்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க அளக்கவேண்டும். அதற்கு அரைமணி நேரம் முன்பு காப்பி கூடாது. இரண்டாவது, நன்றாக இருக்கும் நாளிலும் மாத்திரையை விடாதிருத்தல். நன்றாக இருப்பதே அம்மாத்திரையினால்தான். மூன்றாவது, மிகையையும் அஞ்சுதல். தளர்ந்த உடலில் அழுத்தத்தைச் சடுதியில் இறக்கினால், எழுந்து நிற்கையில் தலைசுற்றி விழ நேரிடும். ஆகவே படுக்கையிலிருந்து எழுவோர் சற்று அமர்ந்து பின் நிற்பது நலம். எந்த அளவு வரை குறைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகளுட் சில அழுத்தத்தை ஏற்றுவன என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னும் சில கடமைகள் உள்ளன. ஊரிலிருந்து வரும் மூட்டையில் அப்பளமும், வடகமும், மோர்மிளகாயும், ஊறுகாயும் அன்போடு வந்து சேர்கின்றன. அன்பை ஏற்போம், உப்பை அளப்போம். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு நிற்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெற்றோர் சென்னையில் ஒரு மகன் வீட்டிலும், டில்லியில் ஒரு மகள் வீட்டிலுமாக மாறிமாறி வாழ்கையில், மருத்துவரும் மாறுகிறார்; கடையில் மருந்தின் வணிகப் பெயரும் மாறுகிறது. மருந்தின் மூலப்பெயரையும் அளவையும், முன்னைய அழுத்த எண்களையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி உடன் அனுப்புவது மகனின் கடமை. அதனைப் படித்து மருத்துவரிடம் அவர் மொழியில் எடுத்துரைப்பது மகளின் கடமை. இரண்டிரவுப் பயணத்தில் மாத்திரை பெட்டியின் அடியில் கிடந்து பயனில்லை. கைப்பையில் இருத்தல் வேண்டும்.

2021-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், ஊரிலுள்ள முதியோரின் வீட்டுக்கே இந்நோய்க்குரிய மாத்திரைகளைக் கொண்டுசேர்க்க முற்பட்டது. ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையருக்கு அது கிட்டுகிறதா என்று மடலிலோ தொலைபேசியிலோ கேட்டறிவது எளிய செயலே.

பக்கவாதம் கையையும் காலையும் மட்டும் பறிப்பதன்று. பல வேளைகளில் பேச்சையும் பறித்துவிடுகிறது. இந்தியும் வங்காளியும் மராத்தியும் ஒலிக்கும் தெருவில், தமிழ் ஒன்றையே அறிந்து, பேரக் குழந்தைகளிடம் மட்டும் வாய்விட்டுப் பேசி மகிழும் முதியவருக்கு அந்தச் சொற்களும் போய்விட்டால் எஞ்சுவது யாது? அக்குழந்தைகளுக்குத் தமிழ் வரும் வழியும் பெரும்பாலும் அவர்தாமே. காந்தியடிகளுக்கும் ரூஸ்வெல்ட்டுக்கும் எட்டாதிருந்த பாதுகாப்பு, இன்று ஒரு சிறிய மாத்திரையாக நம் கைக்கு எட்டுகிறது. நாள் தவறாமல் அதனை நீட்டுவதும், "இன்று அளந்து பார்த்தீர்களா?" என்று பரிவுடன் கேட்பதுமே நாம் செய்யவேண்டுவன.