மடத்து நூலகமும் தடுக்கப்பட்ட அறிவும்

இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' 1980இல் வெளிவந்தது. 1327ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், வட இத்தாலிய மலைப்பகுதியிலுள்ள ஒரு பெனடிக்டின் மடத்தில் துறவிகள் அடுத்தடுத்து இறக்கிறார்கள். நூலகத்தில் ஒளித்து வைக்கப்பட்ட ஒரு நூலே அந்த மரணங்களுக்குக் காரணம். அரிஸ்டாட்டில் நகைச்சுவையைப் பற்றி எழுதியதாகக் கருதப்படும், இன்று கிடைக்காத 'கவிதையியல்' இரண்டாம் பகுதிதான் அது. மடமும் கொலைகளும் கற்பனை. ஆனால் அறிவை யார் வைத்திருப்பது, யாருக்குக் கொடுப்பது, யாரிடமிருந்து மறைப்பது என்று அந்தக் கதையில் நடக்கும் போராட்டம் இடைக்கால ஐரோப்பாவில் உண்மையாகவே நடந்தது.

எழுத்துக்கூடம்

மேற்கு ஐரோப்பிய மடங்களின் வாழ்க்கைமுறையை வகுத்தவர் நர்சியாவின் பெனடிக்ட். ஆறாம் நூற்றாண்டில் மோந்தே கசீனோ மடத்தை நிறுவி அவர் எழுதிய ஒழுங்குவிதி, உடலுழைப்போடும் வழிபாட்டோடும் வாசிப்பையும் அன்றாடக் கடமையாக்கியது. தவக்காலத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் தரப்படும்; அதை முதலிலிருந்து கடைசிவரை அவர் படிக்க வேண்டும். அதே விதி, துறவி எந்தப் பொருளையும் தனக்கென வைத்திருக்கக் கூடாது என்றும் சொன்னது. நூலும் எழுதுகோலும்கூட மடத்துக்கே உரியவை. படிப்பது கடமை, படிக்கும் நூல் தன்னுடையதல்ல என்ற இந்த ஏற்பாடு, நூலைத் தரும் அதிகாரத்தை மடத்துத் தலைவரிடம் விட்டது. பதினோராம் நூற்றாண்டில் கேன்டர்பரிக்காக லான்ஃபிராங்க் வகுத்த விதிகளின்படி, முந்தைய ஆண்டு பெற்ற நூலைப் படித்து முடிக்காதவர் அனைவர் முன்னும் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நூல்கள் அரிதாக இருந்ததும் இந்த அதிகாரத்தை வளர்த்தது. ஆடு, கன்று ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டி ஏடாக்கினார்கள். ஓக் மரக் காய்ப்புகளையும் இரும்பு உப்பையும் கலந்து மை செய்து, வாத்து இறகால் எழுதினார்கள். இங்கிலாந்தின் வியர்மத்–ஜாரோ மடத்தில் 716க்கு முன் எழுதப்பட்ட 'அமியாட்டினுஸ்' விவிலியப் பிரதியில் 1,000க்கும் மேற்பட்ட தோல் ஏடுகள் உள்ளன. அந்த ஒரு நூலுக்கே நூற்றுக்கணக்கான கன்றுகளின் தோல் தேவைப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் ரைஷெனோ மடத்தில் இருந்ததுபோல் சில நூறு தொகுதிகள் இருந்தாலே அது பெரிய நூலகம். ஏறத்தாழ 820இல் வரையப்பட்டு இன்றும் சாங்க்ட் காலனில் இருக்கும் மடத்து வரைபடம், தேவாலயத்தை ஒட்டி எழுத்துக்கூடத்தையும் அதன்மேல் நூலகத்தையும் காட்டுகிறது. எக்கோவின் மடத்திலும் எழுத்துக்கூடத்துக்கு மேலேதான் நூலகம் இருக்கிறது.

எதைப் படியெடுப்பது என்ற முடிவே எது பிழைக்கும் என்பதையும் தீர்மானித்தது. தோல் கிடைக்காதபோது பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதே ஏட்டில் வேறு நூலை எழுதினார்கள். சிசரோவின் 'குடியரசு' நூலின்மேல் ஏழாம் நூற்றாண்டில் அகுஸ்தீனின் திருப்பாடல் விளக்கம் எழுதப்பட்டது. அடியில் இருந்த எழுத்தை ஆஞ்சலோ மாய் 1819இல் வத்திக்கான் நூலகத்தில்தான் கண்டுபிடித்தார். சிசரோவின் நூலுக்கு எவரும் தடை விதித்திருக்கவில்லை. தேவையில்லை என்று ஒதுக்கப்பட்டாலே ஒரு நூல் பல நூற்றாண்டுகள் மறைந்துபோக முடிந்தது.

அரிஸ்டாட்டிலும் தடைகளும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் டோலிடோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு போன்றோர் அரபு மொழியிலிருந்து லத்தீனுக்கு ஏராளமான நூல்களை மொழிபெயர்த்தார்கள். அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவமும் அவ்வழியே மேற்கை அடைந்தது. உலகுக்குத் தொடக்கமில்லை என்ற அவர் கருத்து, உலகைக் கடவுள் படைத்தார் என்ற நம்பிக்கையோடு நேராக மோதியது. 1210இல் பாரிஸில் கூடிய ஆயர் மன்றம், அவருடைய இயற்கைத் தத்துவ நூல்களைப் பொதுவிலோ தனியாகவோ கற்பிப்பவரைச் சபையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. 1215இல் பாரிஸ் பல்கலைக்கழக விதிகளிலும் அந்தத் தடை இடம்பெற்றது. 1231இல் போப் ஒன்பதாம் கிரகோரி, அந்நூல்களை ஆராய்ந்து பிழை நீக்கும்வரை பயன்படுத்தக் கூடாது என்றார். ஆனால் 1255இல் அதே பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவு, அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கட்டாயப் பாடமாக்கியது.

போராட்டம் அத்தோடு முடியவில்லை. 1277 மார்ச் 7 அன்று பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்தார். அவற்றுள் சில தாமஸ் அக்வினாஸின் போதனையையும் தொட்டன. 1323இல் அக்வினாஸ் புனிதராக அறிவிக்கப்பட்டதும், அவரைத் தொட்ட அளவில் அந்தக் கண்டனம் 1325இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு தலைமுறையில் ஐயத்துக்குரியதாக இருந்த சிந்தனை அடுத்த தலைமுறையில் திருச்சபையின் அரணாகியிருந்தது.

எல்லா நூல்களுக்கும் இந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 1240இல் நடந்த விசாரணைக்குப் பின், 1242இல் பாரிஸில் வண்டி வண்டியாகத் தால்முத் பிரதிகள் எரிக்கப்பட்டன. யூதர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிச் சேர்த்த கல்வி ஒரே இடத்தில் சாம்பலானது. அந்த இழப்பை எதனாலும் ஈடுசெய்ய முடியாது. பொதுமக்களையும் தடை விடவில்லை. 1229இல் கூடிய துலூஸ் மன்றம், அவர்கள் திருப்பாடல் நூல் போன்ற சிலவற்றைத் தவிர விவிலிய நூல்களை வைத்திருக்கக் கூடாது என்றது.

வறுமை என்ற ஆபத்தான கேள்வி

எக்கோ 1327ஐத் தேர்ந்ததற்கு வலுவான வரலாற்றுக் காரணம் உண்டு. கிறிஸ்துவும் அப்போஸ்தலர்களும் தனியாகவோ பொதுவாகவோ எதையும் உடைமையாகக் கொள்ளவில்லை என்று 1322இல் பெரூஜாவில் கூடிய பிரான்சிஸ்கன் சபை அறிவித்தது. அப்படியானால் திருச்சபையின் நிலங்களும் செல்வமும் எந்த நியாயத்தில் நிற்கின்றன என்ற கேள்வி தானாக எழும். அவிஞ்ஞோனில் இருந்த போப் இருபத்திரண்டாம் யோவான் 1323இல் அந்தக் கருத்தைச் சமயத் திரிபு என்று தீர்ப்பளித்தார். போப்போடு பகை கொண்டிருந்த பவேரியாவின் நான்காம் லூயி பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு அடைக்கலம் தந்தார். சபைத் தலைவர் செசெனாவின் மைக்கேலும் தத்துவஞானி ஓக்கமின் வில்லியமும் 1328 மே மாதம் இரவோடு இரவாக அவிஞ்ஞோனிலிருந்து தப்பி லூயியிடம் சேர்ந்தார்கள்.

நாவலில் வரும் விசாரணையாளர் பெர்னார் கியும் உண்மையில் வாழ்ந்தவர். 1307 முதல் துலூஸில் சமய விசாரணை நடத்திய அவர், விசாரணையாளர்களுக்கான கையேடும் எழுதினார். ஒவ்வொரு பிரிவினரையும் எப்படி அடையாளம் காண்பது, என்ன கேட்பது என்று அது வகுத்துச் சொல்கிறது. 1327இல் அவர் லொதேவ் நகரின் ஆயராக இருந்தார். அந்த ஆண்டு அவரை மடத்துக்கு வரவழைத்தது எக்கோவின் கற்பனை.

தடையை மீறிய நூல்கள்

மறைஞானி மார்கரீத் பொரேத் 'எளிய ஆன்மாக்களின் கண்ணாடி' என்ற நூலை எழுதினார். நூல் எரிக்கப்பட்ட பின்பும் அதைப் பரப்புவதை அவர் நிறுத்தவில்லை. 1310 ஜூன் 1 அன்று பாரிஸில் அவரையே எரித்தார்கள். ஆயினும் ஆசிரியர் பெயரின்றி அந்த நூல் மடங்களில் படியெடுக்கப்பட்டது. லத்தீனிலும் இத்தாலியத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. அதை எழுதியவர் பொரேத் என்பது 1946இல்தான் மீண்டும் தெரிந்தது. ஆசிரியரைக் கொன்றதும் திருச்சபையின் தீர்ப்பு; நூலைக் காத்ததும் திருச்சபையின் மடங்களே. பண்டைய ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸின் கவிதையும் அப்படி ஒரு மடத்தில் கிடந்துதான் பிழைத்தது. 1417இல் போஜ்ஜோ பிராச்சியோலினி அதைக் கண்டெடுத்து மீண்டும் வாசகரிடம் சேர்த்தார்.

பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் குட்டன்பெர்க்கின் அச்சு வந்ததும், ஒரே பிரதியைப் பூட்டி ஒரு நூலை மறைக்கும் காலம் முடிந்தது. அதிகாரம் பூட்டை விட்டுப் பட்டியலைக் கையில் எடுத்தது. 1559இல் போப் நான்காம் பால் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலை வெளியிட்டார். பல திருத்தங்களோடு நான்கு நூற்றாண்டுகள் நீடித்த அந்த வழக்கத்தைத் திருச்சபையே 1966இல் கைவிட்டது.