நாய் உள்ள வீட்டின் தூய்மை

வீட்டுக்குள் வளரும் நாயால் சேரும் முடி, சிறுநீர், உமிழ்நீர், மண், ஒட்டுண்ணி ஆகியவற்றை அகற்றி, வீட்டை மனிதருக்கும் நாய்க்கும் கேடில்லாமல் வைத்திருக்கும் நடைமுறை. தமிழ்நாட்டில் நாய் நெடுங்காலம் திண்ணையிலும் தோட்டத்திலும் களத்திலும் கிடந்தது; வீட்டைக் காத்தது, வீட்டுக்குள் வரவில்லை. அடுக்ககங்களில் அது கூடத்துக்கும் படுக்கையறைக்கும் குடிவந்த பிறகுதான் இது ஒரு தனி விஷயமாயிற்று. இதுபற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை தரைக்கம்பளம் விரித்த குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டைல்ஸ் தரையும் புழுக்கமும் உள்ள வீட்டில் அவற்றில் சில பொருந்தா. சில கெடுதலும் செய்யும்.

முடி

நாயின் முடி வளர்ந்து, ஓய்ந்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், சைபீரியன் ஹஸ்கி முதலிய இனங்களுக்கு வெளிமுடிக்கு அடியில் மென்மையான உள்முடி அடர்ந்திருக்கும். வீட்டில் பறப்பது பெரும்பாலும் இதுதான். குளிர்நாடுகளில் பகல்பொழுதின் நீளம் மாறும் பருவங்களில் உள்முடி கொத்துக் கொத்தாகக் கழலும். சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். இரவிலும் விளக்கு எரிகிறது. எனவே இங்கே முடி உதிரும் பருவம் முடியட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆண்டு முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு இனங்களின் முடி குட்டையானது. உள்முடி மிகக் குறைவு. கொட்டும் அளவும் குறைவுதான். ஆனால் அந்தக் குட்டை முடி துணியின் நெசவுக்குள் குத்திக்கொண்டு நிற்பதால், பொமரேனியனின் நீள முடியைவிட எடுப்பது சிரமம். பூடில் நாய்க்கு முடி அதிகம் கொட்டாது. அதற்குப் பதிலாக வளர்ந்துகொண்டே போகும், வெட்டாமல் விட்டால் சடை பிடிக்கும். முடி கொட்டாத நாய் ஒவ்வாமை தராது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி வாங்கக் கூடாது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் இருக்கின்றன. எல்லா நாய்க்கும் தோல் உண்டு, எச்சிலும் உண்டு.

கொட்டிய முடியைக் கூட்டுவதைவிட, கொட்டுவதற்கு முன் வாரி எடுப்பது எளிது. உள்முடி அடர்ந்த இனங்களை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நிறுத்தி வாரினால், கட்டிலுக்கு அடியில் சேர்வது பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும். வெயிலுக்கு இதம் என்று ஹஸ்கியை மொட்டையடிப்பவர்கள் உண்டு. அது தவறு, தோல் நேரடியாக வெயிலில் காயும், முடியும் பல சமயம் பழையபடி வளர்வதில்லை.

ஓடும் மின்விசிறிக்குக் கீழே பூந்துடைப்பத்தால் பெருக்கினால் முடியும் செதிலும் எழும்பிப் பறந்து, துடைப்பத்துக்கு எட்டாத மூலையில் போய் அமரும். விசிறியை நிறுத்திவிட்டு, தண்ணீர் தள்ளும் ரப்பர் வைப்பரை உலர்ந்த தரையில் இழுத்தால் முடி ஒரே வரிசையாகத் திரண்டு வரும். சோபாவுக்கு, பாத்திரம் தேய்க்கப் போடும் ரப்பர் கையுறையே போதும். அதை லேசாக நனைத்து உதறிவிட்டு, துணியின் மேல் ஒரே திசையில் உள்ளங்கையை அழுத்தி இழுக்க வேண்டும். முடி விளக்குத் திரிபோல் உருண்டு விளிம்புக்கு வந்து சேரும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் மறுபடி உள்ளே போய்விடும். நாய் படுத்த விரிப்பை வாஷிங் மெஷினில் போடுமுன் உலர்ந்த நிலையில் உதறுவது அவசியம். நனைந்த முடி வடிகட்டியை அடைக்கும். அடுத்த சலவைத் துணியிலும் ஒட்டும்.

தானியங்கித் துப்புரவுக் கருவிகள் முடிக்கு நல்லவைதாம். ஆனால் ஆளில்லாத நேரத்தில் நாய் கூடத்தில் மலம் கழித்திருந்தால், கருவி அதைத் தரை முழுவதும் பூசிவிடும். இந்த விபத்து உலகெங்கும் நடந்ததால், மலத்தை அடையாளம் கண்டு விலகிச் செல்லும் ரூம்பா வகைக் கருவியை ஐரோபாட் நிறுவனம் 2021இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சிறுநீர்

வீட்டில் நாய் இருப்பதைக் கதவைத் திறந்ததும் சொல்லிவிடுவது சிறுநீரின் வாடைதான். புதிய சிறுநீருக்கு வீச்சம் அதிகமில்லை. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா பிறக்கிறது. புழுக்கமான வானிலையில் இது விரைவாக நடக்கும். ஆகவே எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பது, எதைக் கொண்டு கழுவுகிறோம் என்பதைவிட முக்கியம்.

நம் வீடுகளில் நாய் சிறுநீர் கழித்துவிட்டால், கை உடனே போவது வாளித் தண்ணீருக்கு. தண்ணீரை ஊற்றியதும், உள்ளங்கை அகலம் கிடந்த சிறுநீர் அறை முழுதும் பரவி டைல்ஸ் இடுக்குகளில் இறங்கும். டைல்ஸின் மேற்பரப்பு எதையும் உறிஞ்சாது. இடுக்கிலுள்ள சிமெண்டுப் பூச்சோ நன்றாக உறிஞ்சும். மாதக்கணக்காக இப்படிக் கழுவிய வீட்டில், தரை பளபளக்கும், மழை நாளில் வாடை எழும். முதலில் செய்யத் தக்கது பழைய செய்தித்தாளையோ துணியையோ போட்டு, தேய்க்காமல், ஒற்றி எடுப்பது. தாள் உலர்ந்து வரும்வரை ஒற்றிய பிறகு சோப்புத் தண்ணீரில் துடைத்து, அதன்மேல் நொதி கலந்த துப்புரவுத் திரவத்தைத் தெளித்து, குப்பியில் குறித்த நேரம் ஊறவிட்டு, துடைத்து உலர்த்த வேண்டும். நொதிகள் வேலை செய்ய நேரம் வேண்டும். தெளித்த கையோடு துடைத்தால் காசுதான் வீண். முன்பே ஃபீனைல் ஊற்றிய இடத்திலும் நொதிகள் சரியாக வேலை செய்யா.

இத்தகைய திரவங்களின் விளம்பரங்கள் யூரிக் அமிலப் படிகங்களைக் கரைப்பதாகப் பெரிதாகச் சொல்லும். ஆனால் பெரும்பாலான நாய்களின் உடல் யூரிக் அமிலத்தை அலன்டாயின் என்ற எளிதில் கரையும் பொருளாக மாற்றியே வெளியேற்றுகிறது. முக்கிய விதிவிலக்கு டால்மேஷியன், மரபணுக் குறைபாட்டால் அதன் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுதி.

நாய் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு முரட்டுத்தனம் காரணமன்று. நமக்கு மணக்காத மிச்சம் அதன் மூக்குக்கு மணக்கிறது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைத்தால், பழைய கறையின் மணத்தையே புதுப்பிப்பதாக முடியும். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் புறஊதா டார்ச் அடித்தால் காய்ந்த கறை மங்கலாக ஒளிரும். பீரோவின் மூலை, கேஸ் சிலிண்டரின் அடிவளையம், சோபாக் கால் என்று, தரையில் தேடும் நமக்குத் தட்டுப்படாத இடங்களெல்லாம் அப்போது தெரியவரும். ஆண் நாய் காலைத் தூக்கி அடிப்பதால், தரையிலிருந்து ஓர் அடி உயரம்வரை துடைக்க வேண்டும்.

குட்டி எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்வரைதான் அது பகலில் அடக்கிக்கொள்ளும் என்பது வளர்ப்பவர்களின் கைக்கணக்கு. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் உடனே வெளியே தூக்கிப் போக வேண்டும். கழித்த இடத்தில் அதன் மூக்கைத் தேய்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் குட்டி கற்றுக்கொள்வது, நம் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போய்க் கழிப்பதை மட்டுமே. பழகிய நாய் திடீரென வீட்டுக்குள் கழித்தால் சிறுநீர்த் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு என ஏதேனும் இருக்கலாம். மாப்பை எடுப்பதோடு கால்நடை மருத்துவரையும் பார்க்க வேண்டும். நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் மனிதருக்குத் தொற்றக்கூடும் என்பதால், கையில் கீறல் இருந்தால் கையுறை இல்லாமல் துடைக்கக் கூடாது. இந்நோய்க்கு எதிராக நாய்க்குத் தடுப்பூசி உண்டு.

தரையும் திரவங்களும்

இணையத்தில் எல்லாக் கறைக்கும் வினிகர் சொல்லப்படுகிறது. வினிகர் அமிலம். பளிங்கு, பளிங்குச் சில்லுகள் பதித்த மொசைக், ஆத்தங்குடிக் கல் ஆகிய சுண்ணாம்புச் சத்துள்ள தரைகளின் மெருகை அது அரித்துவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த செட்டிநாட்டு வீட்டில் நாய் வளர்ப்பவருக்கு மிதமான சோப்புத் தண்ணீரே நல்லது. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்மேல் தூவுவது வினிகரைவிட மோசம். அம்மோனியாவுடன் சேர்ந்து குளோரமைன் என்ற நச்சு வாயு எழும். மூடிய குளியலறையில் இது மூச்சைத் திணறடிக்கும்.

நாய் செருப்பில்லாமல் நடக்கிறது, பிறகு பாதத்தை நக்குகிறது. தரையில் எதை ஊற்றினாலும் அதில் கொஞ்சம் அதன் வயிற்றுக்குள் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். கறுப்பு ஃபீனைலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் தோல் வழியாகவும் உறிஞ்சப்படுபவை. நாய் உள்ள வீட்டில் அதற்கு இடமே இல்லை. மற்றக் கிருமிநாசினிகளைக் குறிப்பிட்ட அளவு நீரில் கலந்து, தரை முழுதும் காய்ந்த பிறகே நாயை உள்ளே விட வேண்டும். வாடைக்காக மூலையில் போடும் அந்துருண்டை, சூடம் இரண்டும் நாய்க்கு நஞ்சு.

உண்ணி

தமிழ்நாட்டு வீடுகளில் காணப்படும் பழுப்பு நாய் உண்ணியின் அறிவியல் பெயர் ரிப்பிசெஃபாலஸ் சாங்குயினியஸ். உண்ணிகளில் பல வகை காட்டையும் புல்லையும் நம்பி வாழ்பவை. இதுவோ முட்டை முதல் முதிர்ந்த பருவம்வரை முழு வாழ்வையும் ஒரே வீட்டுக்குள் முடித்துக்கொள்ள வல்லது. முட்டை பொரிந்த பின் வரும் மூன்று பருவங்களிலும் நாயின்மேல் ஏறி இரத்தம் குடித்து, ஒவ்வொரு முறையும் கீழே விழுகிறது; முதல் இரண்டு முறை சுவரோரம் ஒளிந்து தோலுரிக்கிறது. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி சுவரில் ஏறி, கதவு நிலையின் இடுக்கு, ஜன்னல் சட்டம், சாமி படத்தின் பின்புறம் என்று உயரமான பிளவில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுச் சாகும். எனவே நாயை மட்டும் குளிப்பாட்டி உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தால் முடிவே வராது. நாய்க்கு மருத்துவர் தரும் மாத்திரையோ கழுத்துச் சொட்டு மருந்தோ ஒரு பக்கம், சுவர்ப் பிளவுகளைச் சிமெண்டால் அடைப்பதும் நாய் படுக்கும் மூலையை வெற்றிடக் கருவியால் உறிஞ்சுவதும் இன்னொரு பக்கம், இரண்டும் பல வாரங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். பிடுங்கிய உண்ணியை நகத்தால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடலாம். மண்ணெண்ணெய் தடவுவதும் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தடவுவதும் நாயையே கொன்றிருக்கின்றன. எர்லிக்கியா, பபேசியா ஆகிய நோய்களை நாய்களுக்குப் பரப்புவது இவ்வுண்ணியே.

தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழு பல மாதம் உணவின்றி உறங்கும்; அதிர்வும் வெப்பமும் பட்டதும் வெளிவரும். கோடை விடுமுறைக்குப் பூட்டிவிட்டுப் போன வீட்டைத் திறந்ததும் கணுக்காலில் கடி விழுவது இதனால்தான்.

வாடையும் குளியலும்

நாயின் தோல் மனிதத் தோலைவிட அமிலத்தன்மை குறைந்தது. மனிதருக்கான ஷாம்பூவால் அது வறண்டு அரிப்பெடுக்கும். அடிக்கடி குளிப்பாட்டுவதும் அதே கேட்டைச் செய்யும். நோயில்லாத நாய்க்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். குளித்த பின் உலர்த்தாமல் விடுவதே பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பிழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடர்முடி நாயின் அக்குளும் காதடியும் நாள் முழுதும் ஈரமாகவே இருக்கும். அங்கே மலசீசியா என்னும் ஈஸ்ட் பெருகி, புளித்த வாடை வரும். காதுத் தொற்று, பற்காரை, மலவாய்ச் சுரப்பி அடைப்பு ஆகியவற்றாலும் நாற்றம் எழும். இவற்றை வாசனைத் தெளிப்பானால் மூடினால் நோய்தான் மறைந்து வளரும்.

உணவுக் கிண்ணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொட்டுப் பார்த்தால் உட்புறம் வழுவழுப்பாக இருப்பது எச்சிலில் வளர்ந்த நுண்ணுயிரிப் படலம். எவர்சில்வர் கிண்ணத்தைத் தினமும் தேய்த்துக் கழுவலாம்; பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களில் படலம் தங்கும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 40 வீடுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, நாய் உள்ள வீடுகளின் தலையணை உறையிலும் தொலைக்காட்சித் திரையிலும் நுண்ணுயிரி வகைகள் மிகுதி என்று கண்டது. வகைகள் மிகுவது நோய் மிகுவதாகாது. ஆயினும் கட்டிலில் நாயைப் படுக்க விடுபவர்கள் உறையை வாரம் ஒருமுறையாவது மாற்றுவது நல்லது.

வழக்கங்கள்

பைரவரின் ஊர்தி நாய் என்றாலும், பல இந்து வீடுகளில் பூசையறையிலும் அடுப்படியிலும் அதற்கு அனுமதியில்லை. தமிழ்நாட்டின் கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மரபில், நாயின் எச்சில் பட்ட பொருளை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். மாலிக்கி மரபு நாயைத் தூய்மையற்றதாகக் கருதுவதில்லை. மத நம்பிக்கையை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், அடுப்படிக்கு ஒரு தாழ்ந்த தடுப்புக் கதவு போடுவது அறிவான ஏற்பாடு.

மலம்

நாய் மலத்தில் வரும் டாக்ஸோகாரா உருளைப்புழுவின் முட்டைகள் தொற்றும் நிலையை அடைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். பிறகு மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கொக்கிப்புழு முட்டையோ ஓரிரு நாளில் பொரிந்து, அதன் புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைக்கும் நிலைக்குச் சில நாளில் வளரும். அன்றாடம் அள்ளுவதும், குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே குடற்புழு மருந்து தொடங்குவதும் இவற்றுக்குத் தடை.

நாய் கழித்ததை உரிமையாளரே அள்ள வேண்டும் என்ற சட்டம் நியூயார்க்கில் 1978இல் நடைமுறைக்கு வந்தது. இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்ப்பையும் லிஃப்டில் நாயை ஏற்றுவதையும் தடைசெய்ய முடியாது என்கின்றன. பொது இடத்தில் கழித்ததை அள்ளும்படி உரிமையாளர்களையும் கேட்டுக்கொள்கின்றன. சங்கக் கூட்டங்களில் முதல் பாதி மட்டும் உரக்கப் படிக்கப்படும்.

அள்ளிய மலத்தை, உறையோ தாளோ இல்லாமல், கழிவறையில் போட்டு நீர் ஊற்றிவிடலாம். தோட்டமுள்ளவர்கள் ஆழக் குழி தோண்டிப் புதைக்கலாம்; கிணற்றடியில் கூடாது. சமையலறைக் கழிவோடு சேர்த்து மாடித்தோட்டத் தொட்டியில் மக்கவைப்பதும் கூடாது. வீட்டு உரத்தொட்டியில் எழும் சூடு புழு முட்டைகளைக் கொல்லப் போதாது. அந்த உரம் கீரைக்கும் தக்காளிக்கும் ஆகாது.