ஒரு பந்தய சைக்கிளின் ஊரும் வயதும்

கல்வெட்டின் காலத்தை எழுத்தின் வடிவைக் கொண்டு கணிப்பர் அறிஞர். பழைய பந்தய சைக்கிளுக்கும் அவ்வாறே ஊரும் வயதும் காண வழியுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் தங்கியிருந்தேன். அண்டை வீட்டு முதியவர் தம் தந்தையார் விட்டுச்சென்ற சைக்கிளைக் காட்டி, "இது இத்தாலிய வண்டி; 1936-ல் என் தந்தையார் இதில் ஏறித்தான் பந்தயம் வென்றார்" என்றார். சட்டத்தில் இத்தாலியப் பெயரொன்று ஒட்டப்பட்டிருந்தது. அதனைக் காட்சிசாலைக்கு அளிக்குமுன் உண்மை தெரிய வேண்டுமென விரும்பினார்.

ஒட்டிய பெயரை நம்பலாகாது. வண்ணம் பூசுபவர் எப்பெயரையும் ஒட்டிவிடலாம். திருகுமரையே நம்பத்தக்க சாட்சி. பெடல் அச்சு தங்கும் குழலில் இத்தாலிய மரையின் விட்டம் 36 மில்லிமீட்டர். பிரெஞ்சு மரை 35 மில்லிமீட்டர். இவ்விரண்டிலும் இருபுறக் கிண்ணங்களும் வலஞ்சுழியாகவே இறுகும். ஆங்கில மரையோ 1.37 அங்குலம், சங்கிலிப் பக்கத்துக் கிண்ணம் மட்டும் இடஞ்சுழியாக இறுகும். நாங்கள் அக்கிண்ணத்தை வலஞ்சுழியாகத் திருப்பினோம், கழன்றுவிட்டது. விட்டமும் ஆங்கில அளவே. குழலின் அகலம் 68 மில்லிமீட்டர்; இத்தாலியக் குழலாயின் 70 இருக்கும். இருக்கைத் தண்டின் விட்டமான 27.2 மில்லிமீட்டரும் பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் 531 குழாய்க்கு ஒத்திருந்தது.

அக்குழாய் 1935-ல் வெளிவந்தது. "அப்படியானால் 1936 பொருந்துமே!" என்று முதியவர் மகிழ்ந்தார். ஆனால் பின்சக்கரம் பொருந்தும் தாங்கியில் காம்பன்யோலோ என்னும் இத்தாலியப் பெயர் பொறித்திருந்தது. கியரைத் திருகி மாட்ட மரையிட்ட காதும் அதில் இருந்தது. அந்நிறுவனம் விசென்சாவில் 1933-ல் தொடங்கியதேயாயினும், இக்காதில் தொங்கும் அதன் கிரான் ஸ்போர்ட் கியர் 1949-ல்தான் முதன்முதல் காட்டப்பட்டது. பிரான்சு நாட்டுப் பெரும் பந்தயமாகிய டூர் டி பிரான்சில்கூட, வீரர்கள் சங்கிலி மாற்றும் கியரைப் பயன்படுத்த 1937-ல்தான் இசைவு கிடைத்தது.

சக்கர அச்சின் நட்டில் 62 என்ற ஆண்டுக் குறி இருந்தது. சக்கரத்தை மாற்றலாமாகையால் அது சக்கரத்திற்கே சான்று. தாங்கியோ சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டது. சட்டத்தின் வயதே அதன் வயது. ஆகவே, வண்டி இங்கிலாந்தில், போருக்குப் பின், 1950-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ பிறந்தது. தாங்கியில் இருந்த பெயரைக் கண்டே பின்னாளில் எவரோ இத்தாலியப் பெயரை ஒட்டியிருக்கலாம்.

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என் தந்தை பொய் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லை, ஐயா. வண்டி வேறு, வெற்றி வேறு. 1936-ல் அவர் வேறு வண்டியில் ஏறியிருக்கலாம். இவ்வண்டி அதை மெய்ப்பிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை" என்றேன்.

அவர் ஓர் அட்டையில், 'இங்கிலாந்தில் செய்தது. 1950-க்கு அணித்தான காலம். என் தந்தை ஓட்டியது' என்று தம் கையாலேயே எழுதி வண்டியில் கட்டினார். இத்தாலியையும் 1936-ஐயும் விட்டுவிட்டார். தந்தையின் பெயருக்கு அதனால் ஒரு குறையும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.