மரியம் பூ

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த பாலைவனச் செடியான மரியம் பூவின் அறிவியல் பெயர் அனஸ்டாடிகா ஹைரோகண்டிகா. 1753இல் லின்னேயஸ் பெயரிட்ட இந்தப் பேரினத்தில் இது ஒன்றே இனம். சகாராவிலிருந்து எகிப்து, சாக்கடல் ஓரம், அரேபியத் தீபகற்பம், ஈரான் எனப் பரந்த வறண்ட நிலங்களில், குளிர்கால மழைக்குப் பின் முளைத்து ஒரே பருவத்தில் பூத்துக் காய்த்து மடிகிறது. மழை குறைந்த ஆண்டில் சில செ.மீ. உயரத்திலேயே காய்த்துவிடும், நல்ல மழையில் 15 செ.மீ. வரை வளரும். இலைகளில் சாம்பல் நிற மயிர் அடர்ந்திருக்கும். வெள்ளைப் பூக்கள் மிகச் சிறியவை. கடுகுப் பூவில் உள்ளதுபோல நான்கு இதழ்கள். காய் முற்றியதும் இலைகள் உதிர்ந்து, கிளைகள் உள்நோக்கி வளைந்து, காய்களை நடுவில் வைத்து உருண்டையாக இறுகுகின்றன. ஹஜ் சென்று திரும்புவோர் வாங்கி வருவது காய்ந்த இந்த உருண்டையைத்தான்.

நீரில் போட்டால் சில மணி நேரத்தில் உருண்டை விரிகிறது, உலர்ந்தால் மூடுகிறது. இதைக் கண்டே, செத்த செடி உயிர்த்தெழுவதாகக் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். விரிவது உண்மை, உயிர்ப்பது உண்மையல்ல. ஈரம் பட்டதும் கிளையின் உட்புறத் திசு வெளிப்புறத்தைவிட அதிகம் நீள்வதால் வளைவு நிமிர்கிறது. இதற்கு உயிருள்ள செல் ஒன்றுகூடத் தேவையில்லை. அதனால்தான் பல ஆண்டு பழைய உருண்டையும் மீண்டும் மீண்டும் விரிகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எச்சில் தொட்டு வெடிக்கவிடும் பட்டாசுக்காயிலும் காய்ந்த திசுதான் ஈரத்துக்கு அசைகிறது. நீரில் கிடந்து பச்சையாக மாறும் செடியைப் பார்த்திருக்கிறோமே என்று சிலர் கேட்கலாம். அது மெக்சிகோவின் சிவாவா பாலையைச் சேர்ந்த செலாஜினெல்லா லெபிடோபில்லா. பூக்காத அந்தச் செடியின் இலைகள் உலர்ந்த நிலையிலும் உயிரோடிருப்பவை. இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால் வந்த குழப்பம் இது.

செத்த திசுவின் அசைவால் செடிக்கு என்ன பயன்? அங்கேதான் இதன் உண்மையான அருமை இருக்கிறது. பாலையில் ஒரு தூறலை நம்பி முளைக்கும் விதை அடுத்த வாரமே கருகும். மரியம் பூவோ விதைகளை மண்ணில் கொட்டிவிடாமல், தான் மடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் மூடிய கிளைகளுக்குள் காக்கிறது. மழையில் கிளைகள் விரிந்த பிறகும் காய்கள் எளிதில் திறப்பதில்லை. ஒவ்வொரு காயின் தலையிலும் காதுமடல்போல இரண்டு நீட்சிகள் உள்ளன. நன்கு நனைந்த காயின் இந்த நீட்சிகள் மேல் மழைத்துளி விழும் வேகத்தில்தான் ஓடு பிளந்து விதைகள் தெறிக்கின்றன. ஈரத்தில் அவற்றைச் சுற்றி வழவழப்பான பசை ஊறி மண்ணோடு ஒட்ட, விரைவிலேயே முளைவிடுகின்றன. ஒரு மழையில் எல்லா விதைகளும் வெளியேறுவதில்லை என்பதும் முக்கியம். அதில் முளைத்த தலைமுறை கருகினாலும், அடுத்த மழைக்கு இருப்பு மிஞ்சும்.

இந்த உருண்டை காற்றில் உருண்டோடி விதை பரப்புகிறது என்று பல நூல்கள் சொல்கின்றன. வேர் அறுந்த சில உருளலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இயல்பான நிலையில் காய்ந்த செடி ஆணிவேரோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாற்றுகளும் தாய்ச்செடியைச் சுற்றியே முளைக்கின்றன. தாய்ச்செடி காய்க்கும்வரை பிழைத்த இடம், இளஞ்செடிக்கும் ஏற்ற இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். தொலைவுக்குப் போவதைவிடக் காலம் பார்த்து இறங்குவதே இச்செடியின் பிழைப்பு.

அரபு நாடுகளிலும் மலேசியாவிலும் பேறுகால வழக்கங்களில் இதற்கு இடமுண்டு. கிண்ணத்தில் அது விரிவதைப் பார்த்து ஒரு தாய் மனத்தெம்பு பெற்றால் அதில் கெடுதல் இல்லை. ஆனால் அது விரிவது, அது ஊறிய நீர் பிரசவத்தை எளிதாக்கும் என்பதற்குச் சான்றாகாது. மருத்துவரைக் கேட்காமல் கர்ப்பிணிகள் அந்த நீரைக் குடிக்க வேண்டாம்.